‘தோத்துட்டோம்’ என்று ஏழு முறை எழுதியவருக்கு

கேள்வி: மேடம், எனக்கு வயது 38. பண்ருட்டி பக்கத்தில் கிராமம். முந்திரிப் பருப்பு வாங்கித் தரம் பிரித்து விற்கும் வியாபாரம். இளவயதில் எங்கள் ஊர் கபடி அணியில் கார்னர் (ஓரத்தில் நின்று பிடிக்கிற இடம்) ஆடியவன். முழங்கால் போனதோடு நிறுத்திக்கொண்டேன். 2017இல் புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணி வந்ததிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் பார்க்கிறேன். முதல் மூன்று வருடமும் கடைசி இடம். அப்புறமும் ஒரே ஒரு வருடம் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. தோத்துட்டோம் என்றால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. மறுநாள் விலை பேசும்போது நானே இறங்கிப் போகிறேன். போன சீசனில் டிவி ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்தேன். அதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு போனில் தனியாகப் பார்க்கிறேன். “அதுல நம்ம ஊர்க்காரன் எத்தனை பேரு? நீ ஏன்டா அழுவுற?” என்று கடை நண்பர்கள் கேட்கிறார்கள். ஒன்பது வயது மகன் எதிரணியான புனேரி பல்டன் ஜெர்சி வாங்கித் தரச் சொல்கிறான். இது ஏதாவது மனநோயா? எப்படி விடுவது? அடுத்த சீசனாவது ஜெயிப்போமா?
(நாலு பக்கக் கடிதம், சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

தம்பி, எனக்கு 61 வயது. அந்த உரிமையில் அப்படியே கூப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தைப் படிக்கும்போது ஒரு சொல்லைப் பென்சிலால் சுழித்துக்கொண்டே வந்தேன். ‘தோத்துட்டோம்.’ ஏழு இடத்தில் வருகிறது. ‘தோத்துட்டானுங்க’ ஒரு இடத்தில்கூட இல்லை.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 1976இல் வெளியான ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஏழு பல்கலைக்கழகங்களில் ஒரு வேலை செய்தார்கள். சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்து திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களில் எத்தனை பேர் கல்லூரிப் பெயர் போட்ட சட்டை அணிந்திருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஜெயித்த வாரம் சட்டை கூடியது. பிறகு மாணவர்களுக்குப் போன் போட்டு, ஒரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஜெயித்த ஆட்டம் என்றால் ‘நாம்’ அதிகம் வந்தது. தோற்ற ஆட்டத்தில் அந்த ‘நாம்’ குறைந்துபோனது. அவர்கள் ஒவ்வொரு பேச்சிலும் அந்தச் சொல்லைத் தேடி எண்ண வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை, வினைச்சொல்லின் வாலே காட்டிக்கொடுத்துவிடும். டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். நேற்று ஜெயித்தது என்றால் ‘ஜெயிச்சுட்டோம்’, தோற்றது என்றால் ‘சொதப்பிட்டானுங்க’. ஒரே ஆள்தான், ஒரே அணிதான்.

நீங்கள் தோல்வியிலும் ‘ஓம்’ விகுதியை விடாதவர். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும், எல்லா விளையாட்டிலும் உண்டு. இது மனநோய் இல்லை. சிகிச்சைக்கு வரச் சொல்லி உங்களிடம் ஃபீஸ் வாங்கினால் அது எனக்குத்தான் பாவம். ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். ஆட்டத்தில் பந்தயம் கட்டுகிறீர்களா? கடிதத்தில் இல்லை. எழுதாமல் விட்டிருந்தால் அது வேறு விஷயம், நேரில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். கட்டவில்லை என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் முந்திரி. தோற்ற மறுநாள் விலையில் இறங்கிப் போகிறேன் என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கடிதத்திலேயே மிகவும் சுவாரசியமான வரி. 1992இல் வெளியான ஒரு ஆய்வில் எட்வர்ட் ஹிர்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் தீவிர கூடைப்பந்து ரசிகர்களான மாணவர்களை உட்கார வைத்து அவர்களுடைய அணியின் ஆட்டத்தைக் காட்டினார்கள். முடிந்ததும், ‘இப்போது இந்த வேலையைக் கொடுத்தால் நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள்’ என்று மதிப்புப் போடச் சொன்னார்கள். பந்தை வளையத்தில் போடுவது, கலைந்த எழுத்துகளிலிருந்து சொல் கண்டுபிடிப்பது, இந்த மாதிரி. அணி தோற்றதைப் பார்த்தவர்கள் தங்களையே குறைத்து மதிப்பிட்டார்கள். ஆடியவன் வேறு யாரோ, ஆனால் பார்த்தவனுக்குத் தன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் சென்னை வியாபாரிக்கு முந்தின நாள் ஆட்டமே தெரியாது. உங்களுக்குத் தெரியும். பருப்பின் தரம் மாறவில்லை, உங்கள் குரல் மாறியிருக்கிறது. ஆகவே இதை ஒரு வியாபாரச் செலவாக நினைத்துச் சரிசெய்யுங்கள். ஆட்டம் இருக்கும் நாளன்று, ஆட்டத்துக்கு முன்பே மறுநாள் விலையை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே போவதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். உங்கள் வீட்டில் கணக்கு யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது.

அடுத்து, ‘எப்போதும் தோற்கிற அணி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. எப்போதும் தோற்கிற அணி யாரையும் இவ்வளவு வலிக்க வைப்பதில்லை. நான் கபடிப் பண்டிதை கிடையாது. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு என் அக்கா பையனை உட்கார வைத்து ஒரு மாலை முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2017, 2018, இரண்டு வருடமும் தன் பிரிவில் கடைசி. 2019இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மன்ஜீத் சில்லர் என்று பெரிய பெயர்களாக வைத்துக்கொண்டும் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. அடுத்த சீசனில் பதினொன்று. இது வரைக்கும் நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்கியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, ‘அப்பல்லாம் பழகிப்போச்சு மேடம்’ என்று. சாப்பாடு இறங்காமல் போனது 2022க்குப் பிறகுதான்.

அந்த 2022ஐ நீங்கள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஏலத்தில் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியேறினார். அன்று ராத்திரி நீங்கள் உங்கள் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதோடு கதை முடிந்தது என்று எல்லோரும் கையைக் கழுவியபோது, முதல் சீசன் ஆடவந்த நரேந்தர் என்ற பையன் 243 ரெய்டு புள்ளி எடுக்கிறான். அணி ஐந்தாவது இடத்துக்கு வருகிறது. தோற்றால் வெளியேற வேண்டிய எலிமினேட்டரில் உ.பி. அணியுடன் 36க்கு 36. டை பிரேக்கரில் 6க்கு 4 என்று ஜெயித்து அரையிறுதி. இரண்டு நாள் கழித்து புனேரி பல்டனிடம் 39க்கு 37.

இரண்டே புள்ளி. ஒரு சூப்பர் டேக்கிள், அதாவது இரண்டு புள்ளி தரும் ஒரே ஒரு பிடி.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கெட்டுப்போனீர்கள், தம்பி. அதுவரை தோற்றது, பழகிவிட்டது. ஒரு தடவை கிட்டே போய்த் தொட்டதும் அடுத்த சீசனில் எதிர்பார்ப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்தது ஒன்பதாம் இடம். அதற்கடுத்தது மறுபடியும் ஒன்பது. தொடர்ந்து மூன்று சீசன் கடைசியில் கிடந்த தெலுங்கு டைட்டன்ஸ்கூட 2025இல் பிளே ஆஃப் போய்விட்டது, நாம் போகவில்லை. (பாருங்கள், ஒரு மாலை கேட்டதற்கே எனக்கும் ‘நாம்’ ஒட்டிக்கொண்டது.)

பிரிட்டனில் டால்டன், மெக்கெரான் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கால்பந்து ரசிகர்களின் மனநிலையைப் போன் ஆப் மூலம் பதிவு செய்து 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்தில் வெற்றி தரும் சந்தோஷத்தைப் போல் தோல்வி தரும் வருத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாதிக்குப் பாதி ஜெயிக்கும் அணிக்கே ரசிகன் நஷ்டத்தில்தான் ஓடுகிறான். வியாபாரியான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படியானால் ஒருவரும் ரசிகராக இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் வராத ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

அது என்ன என்று உங்கள் கடிதத்திலேயே, மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர் அணிக்குப் பன்னிரண்டு பொங்கல் ஆடினீர்களாம். டியூப் லைட் கட்டி, மைக் செட் போட்டு, விடிய விடிய. பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை ஜெயித்தீர்கள், பரிசு ஒரு ஆட்டுக்கிடா. அதை அன்றே அடித்து, ஊரில் எல்லோருக்கும் வராது என்று குழம்பில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பெருக்கி, கடைசியில் உங்களுக்கு ஒரு எலும்புதான் கிடைத்தது என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம் வரைந்திருக்கிறீர்கள். பதினோரு தோல்வி, ஒரு எலும்பு. இந்த அணியைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்துக்கூட நிதானமாக இருக்கிறது.

அந்தத் தோல்வி ஏன் வலிக்கவில்லை? நீங்களே ஆடியதால் என்று சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்தமாக ஆடித் தோற்றால் இன்னும் அதிகமாக அல்லவா வலிக்க வேண்டும்? அங்கே ‘தோத்துட்டோம்’ என்று சொன்னால் அந்த ‘ஓம்’ முழுக்கப் பக்கத்திலேயே நின்றது. ஒருத்தன் திட்டினான், ஒருத்தன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தான், ஒருத்தன் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். இப்போது நீங்கள் ‘தோத்துட்டோம்’ என்று சொல்வது சாத்திய கதவுக்குள், ஒரு போனைப் பார்த்து. விகுதி பன்மை, ஆள் ஒருத்தர்.

என் கதை ஒன்று சொல்கிறேன். நான் தமிழ்நாடு ரஞ்சி கிரிக்கெட் அணியின் ரசிகை. சிரிக்காதீர்கள். 1955இல் ஒரு கோப்பை, 1988இல் ஒரு கோப்பை, அவ்வளவுதான். 88க்குப் பிறகு ஐந்து தடவை இறுதிப் போட்டிக்குப் போய் ஐந்திலும் கோட்டைவிட்டார்கள். கடைசி இறுதி 2012 ஜனவரியில், நம் சேப்பாக்கத்திலேயே. எதிரணி ராஜஸ்தான். நானும் என் வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். வினீத் சக்சேனா என்று ஒருத்தர் வந்து நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். 257 ரன். மூன்றாம் நாளும் ராஜஸ்தான்தான் பேட் செய்துகொண்டிருந்தது. மொத்தம் 621. ரஞ்சியில் ஆட்டம் முடிவு பெறாவிட்டால் முதல் இன்னிங்ஸில் கூடுதல் எடுத்தவனுக்குக் கோப்பை. ஆகவே மூன்றாம் நாளிலேயே எல்லோருக்கும் முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் காலரியில் எங்கள் வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேர் எழுந்து போகவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், ரேடியோவில் கேட்டதாக 1955 கதையை ஆரம்பித்தார். பின்னால் இருந்த மாமி புளியோதரை டப்பாவை அனுப்பினார், அது வரிசை முழுக்கப் போய்விட்டு காலியாகத் திரும்பி வந்தது. சக்சேனா 200 அடித்தபோது நாங்களும் கை தட்டினோம், வேறு என்ன செய்வது? வீட்டுக்காரர் இப்போது இல்லை. அவரோடு பார்த்த ஜெயித்த ஆட்டங்கள் எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. அந்தப் புளியோதரையில் கடலை கொஞ்சம் தீய்ந்திருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

சரி, உங்கள் நண்பர்களின் கேள்விக்கு வருவோம். ‘நம்ம ஊர்க்காரன் எத்தனை பேரு?’ நியாயமான கேள்விதான், சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஆட்டக்காரர்கள் ஏலத்தில் வருகிறார்கள், கபடியில் ஹரியானா கொட்டிக் கொடுக்கிறது, பெயரில் மட்டும் தமிழ் இருக்கிறது என்ற மனத்தாங்கல் பலருக்கும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 2016இல் கேப்டனாகக் கோப்பை தூக்கியது பாட்னா அணிக்கு. நம் ஆள் ஜெயித்தால் அது வேறு ஊர்க் கணக்கில், நம் பெயரில் ஆடுகிறவன் வேறு ஊர்க்காரன். இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். கடிதத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: வலது கார்னரில் தலைவாஸ் ஆட்டக்காரர் சாகர் எதிராளியின் கணுக்காலைப் பிடித்துத் தரையோடு அமுக்கும்போது ‘அது என் பிடி மேடம்’ என்று. எந்த ஊர்ப் பையனாக இருந்தால் என்ன, கார்னர் ஆடியவனுக்கு அந்தப் பிடி சொந்தம்தானே. இதை உங்கள் நண்பர்களிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் இன்னும் கிண்டல் செய்வார்கள்.

இனி ரிமோட். இதை நான் சிரித்துக்கொண்டு எழுத மாட்டேன்.

அமெரிக்காவில் டேவிட் கார்ட், கார்டன் டால் என்ற இருவர் 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்து தோற்றுப்போகும் நாட்களில், வீட்டில் ஆண்கள் பெண்களை அடிக்கும் சம்பவங்கள் சுமார் 10 சதவீதம் கூடின. தோற்கும் என்று முன்பே எதிர்பார்த்துத் தோற்ற நாட்களில் கூடவில்லை. எதிர்பார்ப்பு உடைகிற இடத்தில்தான் கை ஓங்குகிறது. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் அடித்தது சுவரைத்தான். ஆனால் அந்தச் சத்தம் கேட்டபோது உங்கள் மனைவியும் பையனும் அதே அறையில் இருந்தார்கள். ‘அதிலிருந்து தனியாகப் பார்க்கிறேன்’ என்று நீங்கள் எழுதியதை, பிராயச்சித்தம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் தெரியுமா? கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கதவைத் திறந்துவிடுங்கள். மனைவியிடம் ‘அன்னைக்கு ரிமோட்டை உடைச்சது தப்பு’ என்று ஒரு தடவை, ‘ஆனா’ போடாமல் சொல்லுங்கள். கோபம் தலைக்கேறுகிறது என்று தெரிந்தால் எழுந்து வாசலுக்குப் போய் நில்லுங்கள். போட்டி நாற்பது நிமிடம், நடுவில் இடைவேளை வேறு இருக்கிறது. இதையும் மீறி இன்னொரு தடவை ஏதாவது உடைந்தால், அப்போது எனக்கு எழுத வேண்டாம், மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நேரில் போய்விடுங்கள்.

சாப்பாடு: ஆட்டத்துக்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள். இதற்கு உளவியல் எதுவும் தேவையில்லை.

மகன் விஷயம். புனேரி பல்டன்! அந்த 39-37 பல்டன்! இந்த இடத்தில் நீங்கள் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். பையனுக்கு ஒன்பது வயது என்றால், 2022இல் ஆறு. அவனுக்கு அந்த அரையிறுதி தெரியாது. அப்பா கதவைச் சாத்திக்கொள்கிற அணி ஒன்று, ஜெயிக்கிற அணி ஒன்று. எது நல்லது என்று ஒரு குழந்தை தேர்ந்தெடுத்திருக்கிறது. அதில் துரோகம் எதுவும் இல்லை. அந்த ஆரஞ்சு ஜெர்சியை வாங்கிக் கொடுங்கள், ஒரு அளவு பெரிதாகவே. கொடுக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் ஒன்று செய்யுங்கள். பருப்பு காய வைக்கிற களத்தில் சாக்கு விரித்து, அவனுக்குக் கணுக்கால் பிடியைச் சொல்லிக் கொடுங்கள். பாடி வருகிறவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும் அந்த அரை நொடியில் எந்தப் பக்கம் சாய வேண்டும், எந்தக் கை முதலில் போக வேண்டும், ஏன் தலையை உள்ளே வைக்கக் கூடாது. உங்கள் முழங்காலை வைத்துக்கொண்டு நீங்கள் குனிய வேண்டாம், அவன் குனியட்டும், நீங்கள் காலை நீட்டுங்கள். ஜெர்சி எந்த அணியுடையதாக இருந்தாலும் பிடி உங்கள் ஊர்ப் பிடியாக இருக்கும். அடுத்து தலைவாஸுக்கும் பல்டனுக்கும் ஆட்டம் வரும்போது இரண்டு பேரும் ஹாலில் ஒன்றாக உட்காருங்கள். அவன் ஜெயித்தால் அவன் குதிக்கட்டும். நீங்கள் ஜெயித்தால் கொஞ்சம் அடக்கிக் குதியுங்கள், அவனுக்கு ஒன்பது வயதுதான்.

கடை நண்பர்களையும் ஒரு நாள் கூப்பிடலாம். கிண்டல் செய்யத்தான் வருவார்கள், வரட்டும். இரண்டு ஆட்டம் கழித்து அவர்களில் ஒருத்தராவது ‘தோத்துட்டோம்டா’ என்பார். அப்படிச் சொன்னவரை விட்டுவிடாதீர்கள்.

‘எப்படி விடுவது’ என்றும் கேட்டிருந்தீர்கள். விட முடிந்தவர் நாலு பக்கம் எழுத மாட்டார், ஆகவே அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் லீக்கிலேயே முன்பு ஒரு விதி இருந்ததாமே. ஏழு புள்ளிக்குள் தோற்றால் தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி. அதைக் கேட்டதும் எனக்கு அந்த விளையாட்டின் மேல் ஒரு மரியாதை வந்தது. 2025இல் எடுத்துவிட்டார்களாம், ஏன் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

கடைசிக் கேள்வி, அடுத்த சீசனாவது ஜெயிப்போமா? தம்பி, அதை நீங்கள் ராசிபலன் எழுதுகிறவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். என்னிடம் கேட்டதால் சொல்கிறேன்: 1988இலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் நான் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் நமக்கு இரண்டு நல்ல சுழற்பந்து வீச்சாளர்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.